கழுத்து சாய்ந்த கோயில்

பியேத்ராகாவா மடத்தில் ஒரு துறவி இறந்துபோனால் அதற்குப் பிறகும் முப்பது நாள் அவருக்குச் சாப்பாடு உண்டு. உணவுக்கூடத்தில் அவர் உட்கார்ந்த இடத்தில் தட்டும் கரண்டியும் கோப்பையும் வைத்து, தட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மரச்சிலுவையை நிறுத்துவார்கள். மற்றவர்களுக்குப் போலவே அவருக்கும் சூப்பு ஊற்றி ரொட்டி வைப்பார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழும்வரை அது ஆறிக்கொண்டிருக்கும். பிறகு சமையல் பார்க்கும் சகோதரர் நுன்சியோ அதை எடுத்துப்போய்ச் சூடாக்கி, வாசலில் காத்திருக்கும் ஆடு மேய்க்கும் கிழவருக்குக் கொடுப்பார்.

அந்த மார்ச் மாதம் ஆறிக்கொண்டிருந்தது தந்தை லியோன்சியோவின் சூப்பு. பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே தன் சூப்பைக் குடிக்கும் தண்டனை தந்தை உபால்தோவுக்கு வாய்த்தது.

தண்டனை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மடத்தில் மூப்பு என்பது வயதைப் பொறுத்ததல்ல, படிப்பைப் பொறுத்ததுமல்ல. யார் முதலில் வாசலுக்குள் கால் வைத்தாரோ அவர் மூத்தவர். ஒரு மணி நேரம் முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்கு அண்ணன் என்பது இந்தத் துறவற சபையை நிறுவிய ஆசீர்வாதப்பர் எழுதிவைத்த ஒழுங்கு. நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன்பு லியோன்சியோவும் உபால்தோவும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள். இறங்கும்போது உபால்தோவின் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, அம்மா வைத்துவிட்ட உள்ளாடைகள் ரோட்டில் சிதறின. அவர் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் லியோன்சியோ மேடேறிப் போய் மணியை அடித்துவிட்டார். எல்லாம் ஆறு நிமிடம்தான். அந்த ஆறு நிமிடத்தால் நாற்பத்து மூன்று வருடம் வரிசையில் லியோன்சியோவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அந்தப் பிடரியில் ஒரு மச்சம் இருந்தது. தன் முகத்தைவிட அந்த மச்சத்தை உபால்தோவுக்கு நன்றாகத் தெரியும்.

இது மட்டுமென்றால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது, கோயிலைப் பற்றியது.

பியேத்ராகாவா கோயில் வளைந்தது. வாசலில் நின்று பார்த்தால் நீண்ட கூடம் நேராகப் போகும். பீடப்பகுதி தொடங்கும் இடத்தில் சுவர்கள் சட்டென்று வலப்பக்கம் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தில், இடப்பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சிவப்பு வண்ணத்தில் பெரிய லத்தீன் எழுத்து: ‘தலையைச் சாய்த்தார்.’ சிலுவையில் ஆண்டவர் உயிர்விட்டபோது தலை சாய்ந்ததைக் காட்டவே முன்னோர் வேண்டுமென்றே கோயிலை இப்படி வளைத்து, ஒரே மூச்சில் கட்டினார்கள் என்று உபால்தோ முப்பத்தோரு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். சிறு புத்தகமாகவும் போட்டிருந்தார். இந்த இடத்துக்கு வரும்போது குரலை இறக்குவார். கண் கலங்காமல் திரும்பிப் போனவர்கள் குறைவு.

சுவடி அறையைப் பார்த்துக்கொண்ட லியோன்சியோ கலங்காதவர்களில் ஒருவர்.

"எல்லாச் சிலுவையிலயும் தலை வலது தோள்ல சாஞ்சிருக்கு. நம்ம கோயில்ல மட்டும் ஏன்யா ஆண்டவர் இடது தோள்ல சாயுறாரு? கழுத்து சுளுக்கா?" என்று கேட்பார்.

"அவரு படுத்துக் கிடக்குறாருய்யா. படுத்தா வலது இடதெல்லாம் மாறும்."

"படுத்தா மாறுறது நீதான். குறட்டை விடுவ."

லியோன்சியோவின் வாதம் வேறு. மடத்தின் பழைய ஏட்டில் ஒரு வரி உண்டு: ‘ஆயிரத்து நூற்று நான்காம் ஆண்டு, நம் தந்தை ஆசீர்வாதப்பர் திருநாளில், சூரியன் எழுந்த திசைக்குக் கயிறு பிடித்தோம்.’ திருநாள் மார்ச் இருபத்தொன்று. அன்று கிழக்கு மலையில் சூரியன் எங்கே எட்டிப் பார்த்ததோ அந்தத் திசைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். ஐந்நூறு வருடம் கழித்து ஒரு பூகம்பத்தில் பீடப்பகுதி மட்டும் விழுந்தது. திரும்பக் கட்டிய துறவிகளும் முன்னோர் சொன்னபடியே அதே திருநாளில், அதே விடியலில் கயிறு பிடித்தார்கள். ஆனால் அதற்குள் ரோமாபுரியில் நாட்காட்டியைத் திருத்தியிருந்தார்கள். ஆயிரத்து நூற்று நான்கில் மார்ச் இருபத்தொன்றாக இருந்த நாள் புதியதில் இருபத்தெட்டாம் தேதி. ஏழு நாளில் சூரியன் எழும் இடம் மலைமேல் நகர்ந்துவிடும். அதனால் கயிறும் நகர்ந்தது, கோயிலும் வளைந்தது என்பது லியோன்சியோவின் கட்சி.

"மிச்சமிருந்த பழைய சுவரு அவங்க கண்ணு முன்னால நேரா நிக்குது. புதுக் கயிறு கோணலாப் போகுதுன்னு தெரியாமலா இருந்திருக்கும்?" என்று உபால்தோ மடக்குவார்.

"தெரிஞ்சிருக்கும். ஆனா தேதி இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கே! கண்ணு சொல்றதைக் கேக்குறதா, முன்னோர் சொன்னதைக் கேக்குறதா? கீழ்ப்படிஞ்சுட்டாங்க. நம்மளைத் தவிர வேற எவனும் இப்படி ஒரு தப்பைப் பண்ண மாட்டான்யா."

உபால்தோவுக்கு இதுதான் சுள்ளென்று தைக்கும். ஆண்டவரின் சாய்ந்த தலை எங்கே, தேதியைப் பார்த்து ஏமாந்த துறவிகள் எங்கே! இதைக் கேட்க யார் மலையேறி வருவார்கள்?

ஒவ்வொரு மார்ச் இருபதாம் தேதி இரவு உணவின்போதும் லியோன்சியோ முழங்கையால் இடிப்பார். சாப்பிடும்போது பேசக் கூடாது. அதனால் விரலை மேலே நீட்டிக் காட்டுவார். மணிக்கோபுரத்துக்கு வா, நாளை விடியலில் உன் கண்ணாலேயே பார் என்று அர்த்தம். உபால்தோ தன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். படி ஏற முடியாது என்று அர்த்தம். முப்பத்தைந்து வயதில் தொடங்கிய முழங்கால் வலி அது. அத்திமரத்தில் ஏறிப் பழம் பறிக்கும்போது மட்டும் இருக்காது.

மார்ச் நான்காம் தேதி லியோன்சியோ நெஞ்சடைப்பில் போனார். முந்தின நாள் உபால்தோ படுக்கையருகே உட்கார்ந்திருந்தபோது, "இருபத்தொண்ணாம் தேதி ஏறிப் பாருய்யா. மேகமா இருந்தா இருபத்தெட்டு" என்றார். "முதல்ல நீ எழுந்திரு, சேர்ந்தே ஏறலாம்" என்று இவர் சொன்னார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்த அன்று மாலை நிலம் நடுங்கியது.

"மேல போயி முதல் வேலையா வாதத்தை ஆரம்பிச்சுட்டாருப்பா" என்றார் நுன்சியோ, உடைந்த தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

தூண்தாழ்வாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபுரத்துக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் கோயிலில், சரியாக அந்தத் திருப்பத்தில், தரையிலிருந்து கூரைவரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். சிவப்பு எழுத்தை அது இரண்டாகப் பிளந்திருந்தது.

பொறியாளர் ஃபோஸ்கா வந்து இரண்டு நாள் அளந்தாள். நாற்பது வயதுக்காரி; தலைக்கவசத்தைக் கழற்றாமலே காப்பி குடிப்பாள். கோயிலைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மடத்துத் தலைவர் அனியெல்லோவையும் உபால்தோவையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் சாமி. கூடமும் பீடப்பகுதியும் ஒரே சமயத்துல கட்டினதா, தனித்தனியா கட்டினதா? ஒண்ணாக் கட்டியிருந்தா கல்லோட கல்லு கோத்திருக்கும். அப்படின்னா இது கிழிஞ்ச சட்டை. அடுத்த நடுக்கத்துல பீடப்பகுதி விழுந்துரும், அதுக்கு முன்னாடி நாமளே பிரிச்சு இறக்கிடணும். தனித்தனியா கட்டியிருந்தா, ரெண்டும் எப்பவும் ஒட்டினதே இல்ல. இது பொத்தான் கழண்ட சட்டை. நாலு இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினாப் போதும்."

"எங்க தந்தை உபால்தோ புத்தகமே எழுதியிருக்காரே" என்றார் அனியெல்லோ.

"படிச்சேன். ‘ஒரே மூச்சில் கட்டினார்கள்’னு பதினோராம் பக்கத்துல இருக்கு." ஃபோஸ்கா அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "இது சரின்னா, பிரிச்சுத்தான் ஆகணும்."

உபால்தோ அந்தப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சுவரை உடைச்சுப் பாக்க முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"வலது பக்கம் முழுக்கச் செதுக்கு வேலை செஞ்ச மர இருக்கை. இடது பக்கம் அந்த எழுத்து. பழைய எழுத்து இருக்கிற பூச்சைச் சும்மா சந்தேகத்துக்கெல்லாம் தொல்லியல் துறைக்காரங்க தொட விட மாட்டாங்க. தனித்தனியாத்தான் கட்டினதுன்னு நம்புறதுக்கு ஒரு காரணம் வேணும், மடம் எழுதித் தரணும். முப்பத்தொண்ணாம் தேதி நான் அறிக்கை குடுத்தாகணும். ஒண்ணும் தெரியலன்னா, மோசமானதைத்தான் எழுதுவேன். நாளைக்கு யாரு தலையிலயாவது விழுந்தா?"

அவள் போன பிறகு அனியெல்லோ கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் உபால்தோவைவிடப் பதினேழு வருடம் இளையவர், தேர்தலில் தலைவரானவர். உத்தரவு போடுவதற்கு முன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிற மனிதர்.

"லியோன்சியோ சாமி வேற மாதிரி சொல்வாரு இல்ல?"

"சொல்வாரு."

"அது உண்மையா இருக்குமா?"

உபால்தோ ஜன்னலைப் பார்த்தார். "நான் போய்ப் பார்த்ததில்ல சாமி."

"அப்ப பாருங்க. காரணம் இருக்குன்னு நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போடறேன். இல்லன்னு சொன்னா அதையும் ஏத்துக்கறேன். அந்தக் கோயிலைப் பத்தி உங்களை மிஞ்சி நான் பேச மாட்டேன்."

இருபத்தொன்றாம் தேதி விடியலில் மடத்தையே பஞ்சில் பொதிந்ததுபோலப் பனிமூட்டம். கோபுரத்தடியில் நின்று மேலே பார்த்த உபால்தோவுக்குக் கோபுரமே தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக அன்றெல்லாம் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுத்த ஒரு வாரம் அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. செபங்களை இப்போது உணவுக்கூடத்திலேயே பாடினார்கள். வரிசையில் நிற்கும்போது முன்னால் பிடரி இல்லை, மச்சம் இல்லை. ஒரு ஆள் இடம் காலி. முப்பது நாள் முடியும்வரை வரிசையிலும் அந்த இடத்தை நிரப்பக் கூடாது. நாற்பத்து மூன்று வருடமாக மறைத்துக்கொண்டிருந்த ஆள் நகர்ந்ததும் எதிரே எல்லாம் நன்றாகத் தெரியும் என்று அவர் எப்போதாவது நினைத்ததுண்டு. ஒன்றும் தெரியவில்லை. அந்த மனிதர் இல்லாதது மட்டும்தான் தெரிந்தது. அழுகை வந்தது. இருமுவதுபோல் சமாளித்தார்.

இருபத்தெட்டாம் தேதி வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

விடியற்காலைச் செபம் முடிந்ததும் தனியாக ஏறினார். நூற்றுப் பன்னிரண்டு படி. பாதியில் முழங்கால் நிஜமாகவே வலித்தது. மணிக்கு அடியில், கிழக்கு ஜன்னலில், கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு மனிதன் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை முழங்கை ஊன்றித் தேய்கிற தேய்மானம் அல்ல. பல காலத்துத் தேய்மானம். ஆனாலும் உபால்தோ தன் முழங்கையை அங்கே ஊன்றியபோது லியோன்சியோவின் இடத்தில் ஊன்றுவதாகத்தான் நினைத்தார்.

கீழே கோயிலின் கூரை. கூடத்தின் முகடு நூல் பிடித்ததுபோல் நேராகக் கிழக்கே ஓடி, பீடப்பகுதியில் வலப்பக்கம் ஒடிந்தது. எதிரே இரட்டைச் சிகரமுள்ள கழுதைக்காது மலை, இரண்டு காதும் கறுப்பாக. கூடத்து முகட்டின் கோட்டை அவர் கண்ணாலேயே நீட்டிப் பார்த்தார். அது இரண்டு காதுக்கும் நடுப் பள்ளத்தில் போய் முட்டியது.

இங்கே வராதே, வலப்பக்கக் காதில் வா என்று அவர் சூரியனிடம் வேண்டிக்கொண்டார். வெட்கத்தோடுதான் வேண்டிக்கொண்டார்.

சூரியன் இரண்டு காதுக்கும் நடுவே வந்தது. முதலில் ஒரு பொட்டு. பிறகு பள்ளம் முழுக்க வெளிச்சம். அது கூரைமேல் விழுந்தபோது கூடத்து முகட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரகாசித்தன. பீடப்பகுதியின் கூரையில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். மறுபக்கம் இன்னும் இருட்டு. சின்னக் குழந்தைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. இந்தக் கூடத்துக்கு இந்தத் தேதியில் கயிறு பிடித்திருக்கிறார்கள். அந்தப் பீடப்பகுதிக்கு வேறு தேதியில். ஒரே மூச்சில் கட்டவே இல்லை.

அவர் அங்கேயே வெகுநேரம் நின்றார். கோபுரத்தில் வேறு யாரும் இல்லை. கீழே போய், ‘மேகம் மறைச்சுருச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புத்தகம் இருக்கும். முப்பத்தோரு வருடம் சொன்ன கதை இருக்கும். கதைக்குக் கீழே நிற்கும் பீடப்பகுதிதான் இருக்காது. தொள்ளாயிரம் வருடமாகவோ நானூறு வருடமாகவோ, எதுவானாலும், அவருக்கு முன்னால் வந்த ஒவ்வொருவனும் நின்று பாடிய இடம். லியோன்சியோவைப் பிணமாகக் கிடத்திப் பாடியதும் அங்கேதான்.

"தொலஞ்சு போ" என்றார் உபால்தோ உரக்க. யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. இறங்கினார்.

அன்று பத்து மணிக்கு ஃபோஸ்கா உளியும் சுத்தியலும் எடுத்து வந்தாள். அனியெல்லோவின் கையெழுத்துத் தாள் அவள் சட்டைப் பையில் இருந்தது.

"எந்த இடத்துல தொடங்கட்டும் சாமி?"

"என்கிட்ட குடும்மா."

"பாத்து, கையில போட்டுக்காதீங்க."

உபால்தோ ‘தலை’ என்ற சொல்லின்மேல் உளியை வைத்தார். முதல் அடி தயங்கித்தான் விழுந்தது. சிவப்புப் பூச்சு அவர் காலடியில் பொடியாக உதிர்ந்தது. நாலாவது அடியில் ஒரு பாளமே கழன்று வந்தது. மீதியை ஃபோஸ்கா பக்குவமாக நீக்கினாள்.

உள்ளே கூடத்துச் சுவர் ஒரு மூலைக்கல்லோடு முடிந்திருந்தது. அதை ஒட்டி, ஒட்டாமல், பீடப்பகுதியின் சுவர். நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அதில் உடைந்த ஓடுகளைத் திணித்து மேலே பூசியிருந்தார்கள். ஃபோஸ்கா ஓடுகளை உருவிவிட்டு விரல்களை உள்ளே விட்டாள்.

"கை போகுது சாமி! கோக்கவே இல்ல. ஒரு கல்லுகூட கோக்கல!"

பிறகு விளக்கை மூலைக்கல்லுக்கு அருகே கொண்டுபோனாள். கல்லின் விளிம்பு சவுக்காரக் கட்டிபோலக் கரைந்து உருண்டிருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் பாசி காய்ந்த கறை.

"இந்தக் கல்லு மழையில நின்னிருக்கு. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, ரொம்ப வருஷம். பீடப்பகுதி விழுந்த பிறகு உங்க ஆளுங்க திறந்த வெளியில, மழையிலயே நின்னு பாடியிருக்காங்க போல."

உபால்தோ அந்தக் கல்லைத் தொட்டார். இதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏமாந்த துறவிகள் என்று அவர் கேவலமாக நினைத்தவர்கள், கூரையில்லாத கோயிலில் பல வருடம் நனைந்துகொண்டு நின்று, கடைசியில் கட்ட வழி பிறந்த நாளில், முன்னோர் சொன்ன தேதி தவறிவிடக் கூடாதே என்று விடியலில் கயிறோடு வந்து காத்திருக்கிறார்கள். கயிறு கோணலாகப் போவதைப் பார்த்தும் பிடித்திருக்கிறார்கள். பிறகு வந்த எவனோ அந்தக் கோணலுக்கு வெட்கப்பட்டு, மேலே பூசி, எழுதி மறைத்திருக்கிறான். தானும் அவனோடுதான் சேர்த்தி என்று உபால்தோவுக்குப் புரிந்தது.

"பிரிக்க வேண்டாம், இல்லயாம்மா?"

"யாரு பிரிக்க விடுவா? நாலு கம்பி. ஈஸ்டருக்கு உள்ள பாடலாம்." அவள் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

மடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடத்தின் நடுவில் மண்டியிட்டுத் தப்பைச் சொல்ல வேண்டும். தலைவர் தன் மேசையை விரல்முட்டியால் தட்டும்வரை எழக் கூடாது. பாத்திரத்தை உடைத்தது, செபத்துக்குப் பிந்தியது என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான். சூப்பைத் தீயவிட்டதற்காக நுன்சியோ மாதம் ஒருமுறையாவது மண்டியிடுவார். லியோன்சியோவும் சளைத்தவரல்ல. உபால்தோ கடைசியாக மண்டியிட்டது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை.

அன்று மதியம் பருப்பு சூப்பு. லியோன்சியோவின் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. உபால்தோ தன் இடத்தைவிட்டு எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தார். எல்லோரும் சாப்பிடும்போது சுவர் மேடையில் நின்று திருநூல் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். உபால்தோ மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலும் பிறகு மறு முழங்காலுமாக மண்டியிட்டார். தலைவரைப் பார்த்து மண்டியிட வேண்டும். அவர் மரச்சிலுவை இருந்த பக்கம் திரும்பியிருந்தார்.

"முப்பத்தோரு வருஷம் இந்தக் கோயிலைப் பத்தித் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்" என்றார். வழக்கமான சொற்கள் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "வருஷா வருஷம் கூப்பிட்டான். முழங்காலு வலிக்குதுன்னு பொய் சொன்னேன். ஒரு தடவ போயிருக்கலாம். தப்புன்னு தெரிஞ்சிரும்னு பயந்துக்கிட்டுப் போகல. ரெண்டு பேருமா பாத்திருக்கலாம். லியோன்சியோ, நீ சொன்னதுதான்யா சரி."

எல்லோரும் தலைவரின் விரலைப் பார்த்தார்கள். அனியெல்லோ தட்டவில்லை. நுன்சியோ வாசலில் அகப்பையோடு நின்றார். உபால்தோவின் முழங்கால்கள் வலிக்கத் தொடங்கின; இப்போது அது பொய்யில்லை.

அனியெல்லோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மேசைகளைச் சுற்றி மெதுவாக நடந்து, லியோன்சியோவின் காலி இடத்துக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்து, ஆறிக்கொண்டிருந்த சூப்புக்குப் பக்கத்தில், மரச்சிலுவைக்கு முன்னால், விரல்முட்டியால் மேசையை ஒருமுறை தட்டினார்.

உபால்தோ எழுந்தார்.